மொஹாவியில் ஆடும் கழுதையும்

அமெரிக்காவின் மேற்கே கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா, யூட்டா என்ற நான்கு மாகாணங்களிலும் கால் நீட்டிக் கிடக்கும் மொஹாவிப் பாலைவனத்தைப் பற்றி, மணல்மேடும் ஈச்சமரமும் சேர்ந்த ஒரு சித்திரம் யாருடைய மனத்திலாவது இருக்குமானால், அதைப் புறப்படுவதற்கு முன்பே கலைத்துவிடுவது உத்தமம். அங்கே மணலைவிடக் கல்லே அதிகம். பசிபிக் சமுத்திரத்திலிருந்து கிளம்பி வரும் மேகங்களின் ஈரத்தையெல்லாம் சியரா நெவாடா மலைத்தொடர் தன்னுடைய மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொண்டுவிடுவதால், மலைக்குக் கிழக்கே வந்து சேருவது வெறுங்காற்றுதான். லாஸ் வேகாஸ் நகரத்தில் வருஷம் முழுவதும் பெய்கிற மழையைச் சேர்த்து அளந்தாலும் சுமார் 10 சென்டிமீட்டருக்கு மேல் தேறாது. இந்த வறட்சியின் நடுவே காட்டுச் செம்மறிகளும், எஜமானர்கள் இல்லாத கழுதைகளும் தலைமுறை தலைமுறையாக ஜீவித்து வருகின்றன என்று படித்த நாள் முதலாக, அவற்றை நேரில் கண்டு படம் பிடித்துவர வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்து வந்தது. லாஸ் வேகாஸில் உத்தியோகம் பார்க்கும் என் சகோதரியின் மகன் காரும் கையுமாகக் காத்திருந்ததால், செப்டம்பர் கடைசியில் அது நிறைவேறிற்று.

பாலைவனத்தில் மிருகத்தைத் தேடுகிறவன் முதலில் மிருகத்தை மறந்துவிட்டு நீரைத் தேட வேண்டும். தேசப்படத்தில் ஊற்று என்று குறித்திருக்கும் இடமெல்லாம் கோடையிலும் ஊற்றாகவே இருக்கும் என்று நம்புவதற்கில்லை. மழைநீர் தங்கும் பாறைக் குழிகளை அங்கே ‘டாங்க்’ என்கிறார்கள். அதுவும் இல்லாத மலைகளில், சரிவின்மீது தகடு விரித்து, அதில் விழும் மழையைத் தொட்டிகளில் சேமித்து, ஆடு வாய் வைத்துக் குடிக்கும் அளவுக்கு ஒரு மூலையில் தேக்கி வைக்கும் ‘கஸ்லர்’ என்ற ஏற்பாட்டை, சாமான்களை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று தொண்டர்கள் அமைத்திருக்கிறார்கள். லாஸ் வேகாஸில் 1964ஆம் வருஷம் தோன்றிய ‘பிரட்டர்னிட்டி ஆஃப் தி டெசர்ட் பிக்ஹார்ன்’ என்ற சங்கம் இந்தப் பணியையே ஒரு விரதம் போல் மேற்கொண்டிருக்கிறது. இப்படித் தொண்டு செய்கிறவர்களில் வேட்டையில் பிரியமுள்ளவர்கள் பலர். ஆட்டைச் சுட ஆசைப்படுகிறவனே ஆட்டுக்குத் தண்ணீரும் சுமக்கிறான் என்பது எனக்குத்தான் உறுத்திற்றே ஒழிய, அங்கே யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

நெவாடாவின் மாகாண மிருகம் என்ற பட்டத்தை 1973இல் பெற்ற இந்தப் பாலைவனப் பெருங்கொம்பு ஆடு, மந்தையில் நாம் காணும் செம்மறியைப் போலக் கம்பளி போர்த்தது அன்று. மான்தோல் போன்ற குட்டையான ரோமமும், பாறையின் நிறமும், பின்புறத்தில் பளிச்சென்ற ஒரு வெள்ளைத் திட்டும் உடையது. நம் நீலகிரி வரையாட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் நடை அந்நியமாகத் தோன்றாது; அதற்குக் காரணமும் உண்டு. வரையாடு இமயமலைத் தாருக்குச் சகோதரம் என்று வெகுகாலமாக எண்ணியிருந்த விஞ்ஞானிகள், மரபணுக்களைச் சோதித்து, அது செம்மறி இனத்துக்கே மிக நெருங்கிய உறவு என்று 2005ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். ஆகவே மொஹாவிப் பாறையில் நிற்பது நம்முடைய வரையாட்டுக்குத் தூரத்துப் பங்காளிதான்.

லாஸ் வேகாஸிலிருந்து வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் சென்றால் ‘வேலி ஆஃப் ஃபயர்’ என்ற மாகாணப் பூங்கா வருகிறது. 1935இல் திறந்த இது நெவாடாவில் இவ்வகைப் பூங்காக்களில் முதலாவது. டைனோசர்கள் உலவிய காலத்தில் காற்று குவித்த மணல்மேடுகள் காலாந்தரத்தில் இறுகிக் கல்லாகி, இரும்புத் துருவின் சிவப்பேறி, இன்று சூரியோதய வேளையில் பார்ப்பவன் கண்ணைக் கூச வைக்கின்றன. அந்தச் சிவப்பு படம் எடுக்கிறவனுக்கு வரமும் சாபமுமாகும். கேமராவின் ஒளிமானி சிவப்புப் பாறையைக் கண்டு மயங்கி ஆட்டின் வெண்மையை வெளிற அடித்துவிடும் என்பதால், வெள்ளைத் திட்டுக்கு அளவு வைத்துக்கொண்டு மற்றதைப் பாறையின் போக்கில் விட்டுவிட வேண்டியிருந்தது.

ஆட்டைத் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. ஆட்டைத் தேடினால் அகப்படாது. அந்த வெள்ளைத் திட்டைத் தேட வேண்டும். பைனாகுலரை முழங்காலில் ஊன்றி, மலையடியில் ஆரம்பித்து, ஒரு சரிவை வரிவரியாகப் படிப்பது போல மேலே ஏறி, கடைசியில் வானத்தைத் தொடும் விளிம்பு வரையில் நிதானமாகப் பார்த்து முடித்து, ஒன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகு, மறுபடியும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். என் மருமகனுக்கு இந்தப் பொறுமை கிடையாது. ஆனால் கண் கூர்மை.

“மாமா, அந்தப் பாறைக்குக் காது முளைத்திருக்கிறது, பாருங்கள்.”

“எந்தப் பாறைக்கு?”

“நீங்கள் இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த பாறைக்குத்தான்.”

பார்த்தேன். காது அசைந்தது, பிறகு அதற்குமேல் ஒரு கொம்பு வளைந்து வந்து கன்னத்தருகே முடிவது புலப்பட்டது, அந்த ஒன்றைக் கண்டு தேறிய கண்ணுக்கு அதே சரிவில் இன்னும் சில கிடாக்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது சிரமமில்லாமல் தெரிந்தது.

கண்ட பிறகு செய்யவேண்டியது ஒளிந்து ஒளிந்து போவதன்று. இந்த ஆடுகள் கண்ணை நம்பி வாழ்கின்றன. சிறுத்தையும் பூனையுமாகக் கலந்த தோற்றமுடைய அந்நாட்டு ‘மவுண்டன் லயன்’ பதுங்கியே வருவதால், பதுங்குகிறவனைக் கண்டால்தான் அவற்றுக்குப் பயம். பயம் வந்தால் மேல்நோக்கி ஓடுவது அவற்றின் ஸ்வபாவமாகையால், அவற்றுக்கு மேலே போய் நிற்கிறவனை ஒருபோதும் மன்னிப்பதில்லை. கீழேயே இருந்துகொண்டு, தாராளமாகத் தன்னைக் காட்டிக்கொண்டு, நேராக நெருங்காமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, சற்றே உட்கார்ந்து, பராக்குப் பார்ப்பவனைப் போல இருந்தால், அவை நம்மை ஒரு தொந்தரவில்லாத பைத்தியம் என்று தீர்மானித்து மறுபடியும் அசைபோடத் தொடங்கிவிடுகின்றன.

நீண்ட லென்ஸின் வழியே ஒரு முதிர்ந்த கிடாவின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் எனக்கு இப்பிரயாணத்தின் பெரும்பகுதி என்றே சொல்லலாம். மான் கொம்பைப் போல உதிர்வதில்லை அந்தக் கொம்பு. பிறந்தது முதல் வளர்ந்துகொண்டே போகிறது. வருஷத்துக்கு ஒரு முறை வளர்ச்சி தடைப்படும் இடத்தில் ஆழ்ந்த கோடு விழுகிறது; அந்தக் கோடுகளை எண்ணி வயதைச் சொல்லலாம். பெரிய கிடாவின் இரு கொம்புகளும் சேர்ந்து 13 கிலோவுக்கு மேலும் எடை ஏறுவதுண்டு. நான் கண்டதில் வலப்பக்கத்து நுனி நார்நாராகச் சிதைந்து மழுங்கியிருந்தது. இடப்பக்கத்துக் கொம்பில் ஒரு சில்லு பெயர்ந்து, உள்ளேயிருந்த வெளிறிய பாகம் தெரிந்தது. பொன்னிறக் கண்ணில் கறுத்த பாவை படுக்கைக்கோடாகக் கிடந்தது. வாயோரத்தில் முள் ஏதோ குத்தி ஆறிய தழும்பு. பீப்பாய்க் கள்ளியைக் கொம்பால் முட்டி உடைத்து உள்ளேயுள்ள ஈரச்சதையைத் தின்கிற வழக்கம் இந்த ஆடுகளுக்கு உண்டு என்பதால், அந்தத் தழும்பு எங்கே கிடைத்தது என்று அனுமானிப்பது கஷ்டமாயில்லை.

அது பெட்டைகளைத் தேடும் பருவம். சற்றுத் தூரத்தில் இரண்டு கிடாக்கள் எழுந்து, ஒன்றையொன்று மதியாதவை போல முதுகைக் காட்டிக்கொண்டு விலகிச் சென்று, திடீரென்று திரும்பிப் பின்னங்கால்களில் நிமிர்ந்து பாய்ந்தன. லென்ஸுக்குள் தலைகள் மோதியதைப் பார்த்தேன். புழுதி எழுந்ததையும் பார்த்தேன். காய்ந்த புளியமரக் கட்டையில் கோடரி இறங்கும் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. கிடாக்கள் இரண்டும் மோதிய இடத்திலேயே தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, தங்கள் கொம்புகளை ஒன்றுக்கொன்று காட்டுவது போல அசைவற்று நின்றன. மோதலைவிட அந்த நிற்றல்தான் படத்துக்கு நன்றாக வந்தது.

காலை ஒன்பது மணிக்குமேல் எடுத்த படங்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே மேல். தரை சூடேறிக் கானல் எழும்பத் தொடங்கியதும் எத்தனை விலையுயர்ந்த லென்ஸாயினும் ஆட்டின் ரோமம் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்துவிடுகிறது. காருக்குள்ளிருந்தே எடுத்தாலும் தப்பவில்லை. உள்ளே குளிரூட்டிய காற்று ஜன்னல் வழியே வெளிக்காற்றோடு கலக்கும் இடத்தில் அங்கேயும் ஒரு சிறு கானல் பிறக்கிறது.

ஆகவே வெயில் நேரத்தைப் பாறைச் சித்திரங்களுக்கு ஒதுக்கினோம். ‘அட்லாட்டல் பாறை’ என்ற இடத்தில் இரும்புப் படிகளில் ஏறிச் சென்றால், மாங்கனீஸும் இரும்பும் களிமண்ணும் யுகக்கணக்கில் படிந்து கறுத்த பாறைப் பூச்சைக் கொத்தி எடுத்து, அடியிலுள்ள வெளிர் நிறம் தெரியும்படி பழங்குடி மக்கள் வரைந்த உருவங்களைக் காணலாம். அவற்றில் பெருங்கொம்பு ஆடும் உண்டு: படகு போன்ற உடல், குச்சிக் கால்கள், முதுகை நோக்கி வளைந்த கொம்புகள். அருகேயுள்ள பள்ளத்தாக்கின் கோடியில், 1890களில் மவுஸ் என்ற பெயருடைய பையூட் இனத்தவன் ஒருவன் அதிகாரிகளிடமிருந்து ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில், மழைநீர் தேங்கும் ஒரு பாறைக் குழி இருக்கிறது. அதற்குப் போகும் வழி நெடுகிலும் இரு பக்கத்துச் சுவர்களிலும் சித்திரங்கள். குழியில் நாங்கள் பார்த்தபோது பச்சை பிடித்த கொஞ்சம் நீர் இருந்தது. வரைந்தவனும் ஒளிந்தவனும் ஆடும் ஒரே காரணத்துக்காகத்தான் அங்கே வந்திருக்க வேண்டும்.

கழுதைகளைக் காண இவ்வளவு பிரயாசை வேண்டியதில்லை. லாஸ் வேகாஸுக்கு மேற்கே ரெட் ராக் கேன்யன் ஓரமாகச் செல்லும் சாலையில், புளூ டயமண்ட் என்ற சிற்றூருக்குச் சமீபத்தில், ‘பர்ரோ’ என்று அங்கே எல்லாரும் ஸ்பானியப் பெயரால் அழைக்கும் இந்தக் கழுதைகள் சாலையோரமாகவே நின்றுகொண்டிருக்கும். தீனி கொடுக்காதீர்கள் என்று பலகைகள் எச்சரிக்கின்றன. காரணம் சாதாரணமானதுதான்: பிஸ்கட்டுக்குப் பழகிய கழுதை காரைக் கண்டு விலகாமல் காரை நோக்கி வருகிறது, இரவில் அடிபட்டுச் சாகிறது. அந்தப் பலகைக்கு நேர் கீழேயே ஒரு குடும்பத்தார் காரை நிறுத்திக் கேரட் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நான் கேமராவை எடுக்கவில்லை.

நல்ல படங்கள் வடக்கே, டெத் வேலியின் வாசலிலுள்ள பீட்டி என்ற ஊரில் கிடைத்தன. அமர்கோசா நதி பெரும்பாலும் பூமிக்கடியிலேயே ஓடுகிற நதி. பீட்டிக்கருகே சற்றுத் தூரம் வெளியே தலை காட்டுகிறது. அந்த ஈரத்தை நம்பி மெஸ்கீட் மரங்கள் வளர்கின்றன. அவற்றின் முள்ளையும் இலையையும் கண்டதும் ராமநாதபுரத்துக்காரனான எனக்கு ஆச்சரியமாயிருந்தது. நம் கண்மாய்களையெல்லாம் வளைத்துக்கொண்ட சீமைக் கருவேலத்துக்கு உடன்பிறப்பு அது. விசாரித்தால், சீமைக் கருவேலமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கு வந்ததுதான். அங்கே அதன் உறவுமரத்தடியில் ஒரு பெண் கழுதையும் குட்டியும் நின்று, உதிர்ந்த நெற்றுக்களை உதட்டால் துழாவி எடுத்துக் கடகடவென்று மென்றுகொண்டிருந்தன. சாம்பல் நிற முதுகில் ஒரு கறுப்புக் கோடும், அதை வெட்டிக்கொண்டு தோள்களில் இறங்கும் இன்னொரு கோடுமாக ஒரு சிலுவை, வெள்ளை மூக்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். குட்டியின் நெற்றி ரோமம் சீப்பு படாத பையனின் தலை. ஆட்டைப் போல இது நம்மை ஆராய்வதில்லை. ஒரு காதை நம் பக்கமும் மற்றொன்றைத் தன் குட்டியின் பக்கமும் திருப்பி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறது. சாயங்கால வெயில் பின்புறமிருந்து விழுந்து காது மயிரெல்லாம் ஒளிவிளிம்பாகும் நேரத்துக்காகக் காத்திருந்தால் போதும். இரவில் விடுதி ஜன்னலுக்கு வெளியே ஆண் கழுதை ஒன்று கத்திய கத்தலில் என் மருமகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

இந்தக் கழுதைகளின் பூர்வ கதை ஆப்பிரிக்காவில் ஆரம்பமாகிறது. வடகிழக்கு ஆப்பிரிக்காவின் காட்டுக்கழுதையைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் பழக்கினான். ஸ்பானியர்கள் அதைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பொன்னும் வெள்ளியும் தேடி மலைமலையாக அலைந்தவர்கள் தங்கள் கடப்பாரையையும் தண்ணீர்ப் பீப்பாயையும் அதன் முதுகில் ஏற்றினார்கள். பீட்டிக்கு அருகே 1904ஆம் வருஷம் ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற இருவர் தங்கம் கண்டதும், ரயோலைட் என்று ஒரு நகரமே எழுந்தது. வங்கி, பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எல்லாம் வந்தன. 1906இல் ஒருவர் ஆயிரக்கணக்கான காலிப் புட்டிகளை அடுக்கி வீடே கட்டினார். 1920க்குள் ஊர் காலியாகிவிட்டது. மூன்று மாடி வங்கியின் வெறுஞ்சுவர்கள் இன்றும் நிற்கின்றன, புட்டி வீடும் நிற்கிறது. மனிதர்கள் போகும்போது கழுதைகளை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். இப்படி அவிழ்த்துவிட்டவற்றின் சந்ததிதான் அமெரிக்க மேற்கின் காட்டுக்கழுதைகளில் பெரும்பாலானவை.

இங்கேதான் ஆட்டுக்கும் கழுதைக்கும் வழக்கு மூள்கிறது. வேட்டையாலும், வெள்ளையர் கொண்டுவந்த வீட்டுச் செம்மறிகளிடமிருந்து தொற்றிய நுரையீரல் நோயாலும் குறைந்துபோன பெருங்கொம்பு ஆட்டைக் காப்பதற்கென்றே, 1936இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் லாஸ் வேகாஸுக்கு வடக்கே ஒரு பெரிய சரணாலயத்தை ஏற்படுத்தினார். இன்றும் 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் அது, அலாஸ்காவையும் கடல் தீவுகளையும் நீக்கிப் பார்த்தால் அந்நாட்டு வனவிலங்குச் சரணாலயங்களில் பெரியது. கழுதைக்கும் ஒரு சட்டம் கிடைத்தது. இறைச்சிக்காகக் குதிரைகளை லாரியில் அடைத்துச் செல்லும் கோரத்தைக் கண்டு மனம் பொறாத வெல்மா ஜான்ஸ்டன் என்ற நெவாடாப் பெண்மணி வருஷக்கணக்காகப் போராடியதன் பலனாக, பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் வாஷிங்டனில் வந்து குவிந்ததன் பலனாக, 1971 டிசம்பரில் காட்டுக்குதிரைகளையும் கழுதைகளையும் பாதுகாக்கும் சட்டத்தில் நிக்ஸன் கையெழுத்திட்டார். ஆனால் அந்தச் சட்டம் தேசியப் பூங்காக்களைக் கட்டுப்படுத்தாது. கிராண்ட் கேன்யனில் கழுதைகளைச் சுட்டுத் தீர்ப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தபோது, கிளீவ்லண்ட் அமோரி என்ற எழுத்தாளர் ஸ்தாபித்த மிருக நேசர் சங்கம் முன்வந்து, 1980ஐ ஒட்டிய வருஷங்களில், 500க்கு மேற்பட்ட கழுதைகளை அந்த மகா பள்ளத்திலிருந்து ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி வெளியேற்றிற்று.

கழுதை ஊற்றை மிதித்துக் கலக்குகிறது, அது நிற்கும்வரையில் ஆடு நீருக்கு இறங்குவதில்லை, மேய்ச்சலை மொட்டையடிக்கிறது என்பது ஆட்டுக்காரர்களின் கட்சி. இதில் வாஸ்தவம் இருக்கிறது. ஆனால் 2021இல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வந்த ஓர் ஆராய்ச்சி வழக்கின் மறுபக்கத்தைத் திறந்தது. அரிசோனாவின் வறண்ட ஓடைகளில் கழுதைகளும் குதிரைகளும் முன்னங்காலால் மணலைத் தோண்டி, சில இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம் வரையில் கிணறு எடுத்து நிலத்தடி நீரைக் காண்கின்றன. அந்த நீருக்கு மான், வளைக்கரடி, காட்டுப்பூனை, பறவைகள் எல்லாம் வருகின்றன. கைவிட்ட கிணற்றின் ஈரத்தில் ஓடைக்கரை மரங்களின் கன்றுகள் முளைக்கின்றன. நம் ஊரில் வைகை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஒரு மிருகம் எந்த வருஷம் வந்தது என்று பார்த்துப் பட்டா கொடுப்பது, எனக்குச் சரியான தீர்ப்பாகத் தோன்றவில்லை. எந்த ஊற்றில், எந்தக் கோடையில், எத்தனை வாய்கள் என்று கணக்குப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். அந்தக் கணக்கின்படி சில இடங்களில் கழுதை போகத்தான் வேண்டியிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் போல்டர் சிட்டிக்குப் போனோம். ஹூவர் அணையைக் கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1931இல் உண்டாக்கிய ஊர் அது. அங்கே ஹெமன்வே பார்க் என்று ஒரு நகராட்சிப் பூங்கா இருக்கிறது. சறுக்குமரம், ஊஞ்சல், பந்தாட்டத் திடல் எல்லாம் உள்ள, பச்சைப் பசேலென்ற புல்தரை. பின்னாலுள்ள ரிவர் மலைகளிலிருந்து பெருங்கொம்பு ஆடுகள், கிடாவும் பெட்டையும் குட்டியுமாக, சாலையைக் கடந்து வந்து அந்தப் புல்லை மேய்கின்றன. கோடையில் இது நித்திய நிகழ்ச்சி. மலையில் ஒரு வெள்ளைத் திட்டுக்காகக் கண் பூத்துப்போன நான், இங்கே ஒரு கிடா தெளிப்பான் குழாயடியில் நனைந்த மூக்கோடு நிற்பதைக் கண்டேன்.

“மாமா, இதற்காகவா இத்தனை தூரம் மலையேறினோம்?” என்றான் மருமகன்.

சிரிக்காமலிருக்க முடியவில்லை. கொலராடோ நதியை அணை கட்டித் தேக்கி, மீட் ஏரியிலிருந்து இறைத்துக் குழாய் வழியே மேட்டுக்குக் கொண்டுவந்து தெளிக்கும் அந்த நீரும் நீர்தான். நீர் இருக்கும் இடத்துக்கு ஆடு வந்திருக்கிறது. உபயோகமில்லாத அலங்காரப் புல்தரைகளுக்கு 2026 முடிந்த பிறகு கொலராடோ நீர் விடக்கூடாது என்று நெவாடா சட்டசபை 2021இல் சட்டம் செய்தபோது, ஜனங்கள் விளையாடும் பூங்காக்களுக்கு விலக்கு அளித்தது. ஆடுகளுக்காக அளித்த விலக்கல்ல அது. எனினும் பலன் அவற்றுக்கும் கிடைத்தது.

அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தரையோடு தரையாகப் படுத்து, ஊஞ்சலும் வேலியும் சட்டகத்தில் விழாதபடி மலையைப் பின்னணியாக வைத்து, ஆடு ஏதோ ஆதிவனத்தில் நிற்பது போல எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று, தெளிப்பானும் சறுக்குமரமும் தெரியும்படியே எடுத்தேன். ஊருக்கு வந்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பியபோது, கொம்பு பிரமாதம், கீழே இருக்கும் குழாயையும் புல்லையும் மட்டும் வெட்டிவிட்டால் அட்டையில் போடலாம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். வெட்டுவதற்கு நான் இசையவில்லை. பீட்டியில் எடுத்த கழுதைதான் அட்டையில் வந்தது.